மேடைக்கு முன்னால் ஒரு மைக்

தூத்துக்குடிப் பக்கம் 1980களில் பதிவான திருவிழாக் கச்சேரி கேசட் எதையாவது கேட்டிருக்கிறீர்களா? பாதிதான் பாட்டு, மீதி ஊர். சரணத்துக்கு முன்னால் வயலின் போகும்போது பக்கத்தில் யாரோ இருமுகிறார். அடுத்த பாட்டுக்கு கிட்டார்க்காரர் ஸ்ருதி சேர்க்கிற நேரத்தில் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, இன்ன தெரு இன்னார் இசைக்குழுவுக்கு அன்பளிப்பு பதினொரு ரூபாய் என்று வாசிக்கிறார். பச்சைச் சட்டை போட்ட நாலு வயதுப் பையன் மேடைக்குப் பின்னால் அழுதுகொண்டு நிற்கிறான், தாயார் வந்து கூட்டிக்கொண்டு போகவும் என்கிறார். கூட்டத்திலிருந்து விருப்பப் பாட்டுச் சீட்டுகள் மேடைக்குப் போகின்றன. ஒரு பாட்டு தொடங்கியதும் விசில் பறக்கிறது. அந்த விசிலில் பாட்டு அப்படியே அமுங்கி, இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் மெல்ல எழும்பி வருகிறது.

பாட்டு அமுங்குவதற்குக் காரணம் பாடகர் அல்ல, டேப் ரெக்கார்டர். அன்றைய வீட்டு ரெக்கார்டர்களில் ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் சுற்று ஒன்று உண்டு. எது பெரிய சத்தமோ அதற்கு ஏற்றாற்போல் எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்துவிடும். கைதட்டு பெரிதானால் பாட்டு சிறிதாகும். தொழில்நுட்பக் கணக்கில் இது குறைதான். ஆனால் அந்த இரவு யார் எதற்கு எழுந்து நின்றார்கள், எந்தப் பாட்டுக்கு வாய் மூடி உட்கார்ந்தார்கள் என்பது இத்தனை வருடம் கழித்தும் நமக்குத் தெரிவது அந்தக் குறையால்தான். மேடைக் கச்சேரிப் பதிவு என்றால் மேடையில் நடந்ததன் பதிவு மட்டுமல்ல, மேடைக்கு முன்னால் நடந்ததன் பதிவும்கூட. முன்பு நம்மிடம் இரண்டும் இருந்தன, இப்போது ஒன்றுதான் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

இந்தக் கரையில் பதிவாகாமல் போன ஒலிகளின் கணக்கு பெரியது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு நடந்த பருவங்களில் கரையில் ஒரு தற்காலிக ஊரே எழும்பும். வணிகர், குளியாட்கள், கயிறு பிடிப்போர், அவர்களை நம்பி வந்த கூத்தாடிகள், வித்தை காட்டுவோர் என்று எல்லோரும் கூடாரம் போட்டிருப்பார்கள். தூத்துக்குடியில் 1955இல் மறுபடி தொடங்கிய முத்துக் குளிப்பு 1961இல் நின்றது. பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை உலகத்துக்குக் காட்டியது 1963இல். இரண்டே வருட இடைவெளி. கையில் தூக்கிக்கொண்டு போய் வைக்கக்கூடிய ஒரு கருவி வருவதற்குள் அந்தக் கூடார ஊரின் சத்தம் அடங்கிவிட்டது.

கேசட்டுக்கு முன்னால் ஸ்பூல் டேப் இருந்தது, வசதியுள்ள ரசிகர்களிடம். கோவில்பட்டியில் வாழ்ந்த நாகஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் 1964இல், 43 வயதுக்குள், மறைந்துவிட்டார். அவருடைய கல்யாணக் கச்சேரிகளும் கோயில் கச்சேரிகளும் இன்றும் நம் காதில் விழுவதற்கு ஸ்பூல் எந்திரத்தோடு போய் உட்கார்ந்த ரசிகர்கள்தான் காரணம். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஜானகியின் குரலோடு அவர் வாசித்தது ஸ்டூடியோவில். அது துல்லியமானது. ஆனால் ஸ்பூலில்தான் தவில் அடங்கிய இடத்தில் பந்தியிலிருந்து வரும் சத்தமும், ஒரு பிடி விழுந்ததும் முன்வரிசையிலிருந்து எழும் "ஆஹா"வும் இருக்கும். அதே வட்டாரத்து விளாத்திகுளம் சுவாமிகள் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடுவார் என்று கி.ராஜநாராயணன் தலைமுறை சொல்லிச் சொல்லி மாயவில்லை. பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடிய இசைத்தட்டில் அந்தப் பாட்டு எப்படி அடங்கும்?

கரையின் காதுக்கு இன்னொரு பள்ளிக்கூடமும் இருந்தது. இலங்கை வானொலி. மத்திய அலை உப்புநீரின் மேல் நிலத்தைவிட நெடுந்தூரம் தேயாமல் வரும் என்பதால், கொழும்பு நிலையம் தூத்துக்குடியில் உள்ளூர் நிலையம் மாதிரிக் கேட்டது. அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ்.ராஜாவையும் அப்துல் ஹமீதையும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி போலத் தெரிந்து வைத்திருந்த தலைமுறை இது. அந்த வழியாகத்தான் பைலாவும் இலங்கைப் பொப் இசையும் இங்கே கரையேறின. போர்த்துக்கீசியர் விட்டுப்போன தாளம் கடலின் அந்தப் பக்கமும் இருந்தது, இந்தப் பக்கமும் இருந்தது. ஆகவே நித்தி கனகரத்தினமோ ஏ.ஈ.மனோகரனோ பாடியபோது இங்கே யாரும் அதை வெளியூர்ப் பாட்டாக நினைக்கவில்லை. மனோகரனின் 'சுராங்கனி' வந்த பிறகு இந்தக் கடற்கரையில் அது இல்லாமல் கல்யாண வீட்டுக் கச்சேரி முடிந்ததா என்று கேட்டுப் பாருங்கள். கிட்டார், டிரம்ஸ், காங்கோ வைத்துக்கொண்டு நாலைந்து பேர் நின்றபடி ஆடிப் பாடும் பாணி, ராக் இசைக்குழு என்ற பெயர் தெரியாத வீடுகளுக்குள்ளும் அப்படித்தான் நுழைந்தது. கொழும்பு போய்வந்த தோணிக்காரர் வீடுகளிலும், பிறகு வளைகுடா போய்வந்தவர் வீடுகளிலும் டேப் ரெக்கார்டர் வந்ததும் இரண்டும் கைகோத்துக்கொண்டன. கச்சேரியும் ஆயிற்று, பிடித்து வைக்கக் கருவியும் ஆயிற்று.

பனிமய மாதா கோயில் திருவிழா ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும். ஊர் முழுக்கக் கடற்கரைச் சாலையில் இருக்கும் நாட்கள் அவை. பெருவிழாவைச் சுற்றி, மற்றத் தெருக் கோயில் கொடைகளிலும், குருசடித் திருவிழாக்களிலும், மணப்பாடு வரைக்குமான கடலோர ஊர்களிலும் மேடை போட்டு ஆர்கெஸ்ட்ரா நடத்துவது அன்றைய வழக்கம். சென்னையிலிருந்து காமேஷ் ராஜாமணி, ஏ.வி.ரமணனின் மியூசியானோ போன்ற பெயர் பெற்ற குழுக்களைக் கூப்பிட வசதியில்லாத கமிட்டிகள் நெல்லை, மதுரைக் குழுக்களைக் கூப்பிடும். இரவுப் பூசையும் சாப்பாடும் முடிந்து பத்து மணிக்குத்தான் பாட்டே தொடங்கும். விடிய இரண்டு, மூன்று ஆகும் முடிய. தெருவுக்குத் தெரு புளியமரத்திலும் தென்னையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். அந்தக் கூம்புக் குழாயில் அடித்தொனி வராது, நடுத்தொனிதான் கிழித்துக்கொண்டு போகும். கடலுக்குள் கிடக்கும் வள்ளத்துக்குக் கூடப் பாட்டு கேட்கும்.

பதிவு செய்கிறவர் யார்? பெரும்பாலும் மைக் செட்காரரின் தம்பி, அல்லது கமிட்டியில் ஒருவர், அல்லது ஊரில் முதலில் டேப் வாங்கியவர். ரெக்கார்டரை மேடைக்கு எதிரே ஒரு நாற்காலியில் வைத்து, துண்டைச் சுற்றி, சின்னப் பிள்ளைகள் கிட்டே வராமல் காவல் இருப்பார். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி, 90இல் முக்கால் மணி. பாட்டு நடுவில் பக்கம் தீர்ந்தால் திருப்பிப் போடுவதற்குள் ஒரு சரணம் போய்விடும். அதனால் அந்தக் காலக் கேசட்டுகளில் பல பாட்டுகளுக்குத் தலை இருந்தால் வால் இருக்காது. மறுநாள் அதிலிருந்து பிரதி எடுப்பார்கள், பிரதியிலிருந்து பிரதி எடுப்பார்கள். பஜாரில் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். சினிமாப் பாட்டுக்கு ஒரிஜினலே அங்கே கிடைக்கும். அப்படியிருந்தும் நம் ஊர் மேடையில் பாடியதன் கேசட்டை ஏன் தேடிப் பிரதி எடுத்தார்கள்? பாடியவர் எஸ்.பி.பி. அல்ல. ஆனால் கைதட்டியவர்கள் நாம்.

உலகத்து ராக் ரசிகர்களும் இதே காரணத்துக்காகத்தான் மேடைப் பதிவுகளைத் தேடினார்கள். டீப் பர்ப்பிள் குழு 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் வாசித்ததை மார்ட்டின் பிர்ச் எட்டுத் தடங்களில் பதிந்தார். ஜப்பானில் மட்டும் வெளியிடலாம் என்று எடுத்த பதிவு அது. 'மேட் இன் ஜப்பான்' என்று உலகெங்கும் போய், ஸ்டூடியோத் தட்டுகளைவிட அதிகம் பேசப்பட்டது. கிரேட்ஃபுல் டெட் குழு இன்னும் ஒரு படி மேலே போய், 1984 முதல் தங்கள் கச்சேரிகளில் டேப் எடுக்கிறவர்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கியது. உலகத்தின் எந்தெந்த ஊரில் எந்தெந்த இரவில் அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று இன்று கேட்க முடிகிறதென்றால், மைக்கை நீட்டிப் பிடித்து நின்ற அந்த ரசிகர்களால்தான்.

திரைப்படத்திலும் அப்படியே. 1969இல் நடந்த வுட்ஸ்டாக் விழாவை மைக்கேல் வாட்லி எடுத்த படத்தில் சேற்றில் நிற்கும் கூட்டத்துக்கு மேடைக்குச் சமமான இடம். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் ஜார்ஜ் ஹாரிசனும் ரவி சங்கரும் சேர்ந்து நடத்திய வங்காளதேசக் கச்சேரியின் தட்டில், ரவி சங்கர் குழுவினர் ஸ்ருதி சேர்த்து முடித்ததுமே கூட்டம் கைதட்டிவிடுகிறது. அதை வெட்டி எறிந்திருக்கலாம். வெட்டவில்லை. ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அந்த அரங்கில் நம் சங்கீதம் எந்தக் காதுகளில் போய் விழுந்தது என்பதை அந்தக் கைதட்டு ஒன்றே சொல்லிவிடுகிறது. நேரெதிராக ஜொனாதன் டெம்மி, டாக்கிங் ஹெட்ஸ் குழுவை வைத்து எடுத்த 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' படத்தில் கடைசிப் பாட்டு வரும் வரை கூட்டத்தின் முகத்தைக் காட்ட மாட்டார். அதுவும் பெரிய படம்தான். கூட்டத்தைக் கண்ணுக்கு மறைத்தார், காதுக்கு மறைக்கவில்லை.

இனி இன்று. முதலில் நேரம் மாறியது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுத்தன. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. வருடத்தில் சில நாட்களுக்கு நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம், அவ்வளவுதான். குழாய்கள் மரத்திலிருந்து இறங்கின, பெட்டி ஸ்பீக்கர் வந்தது. நோயாளியும் படிக்கிற பிள்ளையும் தூங்கட்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பத்து மணிக்குத் தொடங்கிய கச்சேரி இன்று பத்து மணிக்கு முடிந்தாக வேண்டும். ஆறரைக்கு மேடை ஏறுகிற குழு அடுக்கி வைத்த பட்டியலை ஓட்டிவிட்டு இறங்குகிறது. சீட்டு வாங்கி, யோசித்து, பாடகரும் கூட்டமும் பேசிக்கொண்டு போன அந்த நடை போய்விட்டது.

அடுத்து மாறியது பதிவு. இப்போது மேடையில் ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனிக் கம்பியில் டிஜிட்டல் மிக்ஸருக்கு வருகிறது. பாடகர் காதுக்குள் இயர்போன். பதிவு எடுப்பவர் நாற்காலியில் ரெக்கார்டர் வைப்பதில்லை, போர்டிலிருந்து லைன் எடுக்கிறார். ஒலி கண்ணாடி மாதிரி இருக்கிறது. மேலே ட்ரோன், பக்கத்தில் எல்இடி திரை, நாலு கேமரா, யூடியூபில் நேரலை. துபாயில் இருக்கிற பையன் தன் ஊர்த் திருவிழாவை அங்கிருந்தே பார்க்கிறான். இதைப் போன்ற நல்ல காரியம் வேறில்லை. ஆனால் அந்த நேரலையைக் கண்ணை மூடிக் கேட்டால், ஆயிரக்கணக்கான பேர் திரண்ட கடற்கரையில் ஒருவருமே இல்லை. கைகள் தட்டுவது படத்தில் தெரிகிறது, சத்தம் வரவில்லை. பாடகரின் மைக்கில் கசிந்து வருகிற கொஞ்சம்தான் கூட்டத்தின் பங்கு. லைனில் எது போகிறதோ அதுதான் பதிவு. கூட்டத்துக்கு லைன் கொடுக்க யாரும் நினைக்கவில்லை.

அதோடு இன்னொரு சங்கடம். ஆர்கெஸ்ட்ரா பாடுவது சினிமாப் பாட்டு. பாட்டின் உரிமை வேறொருவரிடம். 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கே அனுமதி இல்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று நோட்டீஸ் போனபோதுதான் இந்த விஷயம் டீக்கடை வரை பேச்சானது. படைத்தவரின் உரிமை நியாயமானது. ஆனால் யூடியூபின் தானியங்கிச் சல்லடை அப்படியெல்லாம் யோசிக்காது. பழைய திருவிழா வீடியோவைத் தேடி எடுத்து ஏற்றினால், நடுவில் பத்து நிமிடம் ஊமையாகிவிடலாம். பாட்டோடு அறிவிப்பாளரின் குரலும் போகும், கூட்டமும் போகும்.

கைபேசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஒரே பாட்டுக்கு ஐந்நூறு பேர் அரை நிமிடம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறார்கள், மறுநாள் அது மறைகிறது. ஆனாலும் கைபேசியை நான் ஒதுக்க மாட்டேன். 2023 செப்டம்பரில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர்.ரகுமான் கச்சேரியில் கூட்டம் நெருக்கித் திணறியபோது, நடந்தது என்ன என்று உலகத்துக்குத் தெரிந்தது ரசிகர்கள் கூட்டத்துக்குள் நின்று எடுத்த துணுக்குகளால்தான். மேடையின் கேமராக்களில் அது இருந்திருக்காது. அன்றைய நாற்காலி ரெக்கார்டரின் உண்மையான வாரிசு அந்தக் கைபேசிதான். முழுக் கச்சேரியையும் எடுக்கவோ, எடுத்ததை ஊரும் தேதியும் எழுதி வைக்கவோ ஆள் இல்லை என்பதுதான் குறை.

அதே ரகுமானின் 'ஒன் ஹார்ட்' படம், 14 வட அமெரிக்கக் கச்சேரிகளை வைத்து 2017இல் திரையரங்குக்கு வந்தது. ஒத்திகை, பயணம், குழுவினரின் பேச்சு என்று ஒரு சுற்றுப்பயணத்தையே படமாக்கலாம் என்பதை நம் பக்கத்துப் பார்வையாளருக்குக் காட்டியது அது. அடுத்த வருடம் ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் பா.இரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து மேடையேற்றிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ், பறையும் சட்டியும் கிட்டாரும் கானாவுமாகச் சொந்தப் பாட்டையே பாடியது. கனிமொழி முன்னெடுத்து 2022 ஜூலையில் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி மைதானத்தில் நடந்த நெய்தல் கலைவிழாவில் நாட்டார் கலைகளுக்கு நாலு நாள் மேடை கிடைத்தது. எனக்கு நம்பிக்கை தருவது இந்தத் திசைதான். சொந்தப் பாட்டு பாடும் குழுவின் பதிவை எந்தச் சல்லடையும் சுலபத்தில் ஊமையாக்க முடியாது. கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாவையும் பைலாவையும் வைத்து இந்தக் கரைப் பிள்ளைகள் ஒரு குழு கட்டினால், முதல் கச்சேரியிலிருந்தே எல்லாம் அவர்கள் கையில் இருக்கும்.

அதற்குள் பழைய கேசட்டுகள் என்ன ஆகும்? உப்புக்காற்று எந்திரத்தின் இரும்பைத் தின்கிறது, ஈரம் நாடாவில் பூசணம் ஏற்றுகிறது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடியில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நாள் கணக்கில் வடியவில்லை. கட்டிலுக்கடியில் பெட்டியில் கிடந்த ஒலிநாடாக்களைப் பற்றி அப்போது யார் நினைப்பார்கள்?

தப்பியவை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கேசட்டின் கண்ணாடிச் சந்து வழியே பாருங்கள். நாடாச் சுற்றின் விளிம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது பூசணம். ஆசைக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்காதீர்கள். எந்திரத்தின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் சில வாரம் வைத்துவிட்டு, தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைத்து எடுங்கள். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு உதிர்ந்திருந்தால் கேசட் கெட்டுவிட்டது என்று எறிய வேண்டாம், வேறு கூட்டுக்கு மாற்றலாம். பதிவு செய்த எந்திரத்தின் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஒலி மூடினாற்போலக் கேட்கும். ஓட்டும் எந்திரத்தில் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை இழையளவு திருப்பினால் தாளக்கட்டு பளிச்சென்று வரும். கணினிக்கு மாற்றும்போது எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாக வையுங்கள். இலங்கைத் தமிழரின் நூலக நிறுவனம் 2005 முதல் ஏடுகளையும் பிறகு ஒலிகளையும் எண்ணிமமாக்கிப் பொதுவில் வைத்து வருகிறது. ரோஜா முத்தையா நூலகம் சென்னையில் பழைய இசைத்தட்டுகளைக் காத்து வைத்திருக்கிறது. முத்துநகருக்கும் அப்படி ஓர் ஒலி அலமாரி வேண்டும். அதை ஆலயமோ கல்லூரியோ ஏற்று நடத்தலாம்.

வரும் திருவிழாவுக்கு கமிட்டிக்காரர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். மேடையின் இரண்டு ஓரத்திலும் கூட்டத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு மைக். அவற்றை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் மிக்ஸரில் தனித் தடத்தில் பதிய வேண்டும். கூட்டம் மைக்கிலிருந்து 34 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஒலி பத்தில் ஒரு நொடி தாமதமாக வரும், ஆகவே தொகுக்கும்போது அந்தத் தடத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திச் சேர்க்க வேண்டும். ஆடி மாதத்தில் கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வீசும், வெறும் மைக்கில் புஸ்புஸ் என்று காற்றுதான் பதியும். அதற்கு ரோமம் வைத்த உறை கிடைக்கிறது. போட்டு, பந்தல் காலின் மறைவில் நிறுத்திவிட்டால் போதும், கச்சான் எந்தப் பக்கம் வரும் என்பதைக் கடலுக்குப் போகிற எவரைக் கேட்டாலும் சொல்லுவார்.